அம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் பொருத்தம்: கணக்கைப் பெட்டரியில் தொடங்குங்கள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்த ஊர் ஓட்டோ ஸ்டாண்டில் நின்றாலும் இரண்டு வகைச் செட் கேட்கக் கிடைக்கும். ஒன்றில் ஸ்பீக்கர் இரண்டே இரண்டு. தவிலும் நாதஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கும், பாட்டின் ஒவ்வொரு சொல்லும் விளங்கும். மற்றதில் பின்சீட்டுக்குப் பின்னால் பொக்ஸ் பொக்ஸாக அடுக்கியிருப்பார்கள். படங்கு அதிரும், கண்ணாடி அதிரும், என்ன பாட்டு போகிறது என்று மட்டும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். செலவு அதிகம் செய்தவர் இரண்டாமவர்தான். அவர் வாங்கிய சாமான் மட்டம் என்றும் சொல்ல முடியாது. நல்ல அம்ப்ளிஃபயர், நல்ல ஸ்பீக்கர், ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஜோடி.

அம்ப்ளிஃபயரை இனி நம் வழக்கப்படி அம்ப் என்றே சொல்லிக்கொள்வோம். அதன் வேலை ஒன்றுதான். செட்டிலிருந்து, அதாவது பாட்டு ஓடும் ரேடியோவிலிருந்து, வரும் மெலிந்த சிக்னலை வாங்கி, ஸ்பீக்கரின் கோனை (அதிரும் கூம்பை) முன்னும் பின்னும் தள்ளக்கூடிய அளவுக்கு வலுவாக்கிக் கொடுப்பது. அந்த வலு அம்ப்புக்குள் பிறப்பதில்லை, வண்டியின் பெட்டரியிலிருந்து வருகிறது. செட் போடப் போகிறவர்கள் முதலில் ஸ்பீக்கரைப் பார்த்து ஆசைப்படுவார்கள், அப்புறம் அதற்கு ஏற்ற அம்ப்பைத் தேடுவார்கள், கடைசியில்தான் பெட்டரி தாங்குமா என்று யோசிப்பார்கள். என்னைக் கேட்டால் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் பெட்டரி, பிறகு அம்ப், கடைசியில் ஸ்பீக்கர். மலையகத்து வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும். ஏன் என்று பார்ப்போம்.

வண்டி எவ்வளவு தரும்?

12 வோல்ட் பெட்டரி என்று சொன்னாலும், இன்ஜின் ஓடும்போது ஒழுங்கான சார்ஜிங் உள்ள வண்டியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வாட். இது ஒன்று தெரிந்தால் பாதிக் கணக்கைப் போட்டுவிடலாம்.

200 வாட் உண்மையாகவே வெளியே தரும் ஒரு அம்ப்பை எடுத்துக்கொள்வோம். உள்ளே வாங்கும் மின்சாரம் முழுவதையும் அது சத்தமாக்காது, ஒரு பங்கு வெப்பமாகப் போகும். பழைய பாணி ஏபி வகுப்பு அம்ப் என்றால் முழுச் சத்தத்தில் சுமார் 60 சதவீதம்தான் வெளியே வரும். அப்படியானால் அது வாங்குவது ஏறக்குறைய 333 வாட், அதாவது 24 அம்பியர். இப்போது அதிகம் வரும் டி வகுப்பு அம்ப் 80 சதவீதம் வரை தரும். அதே 200 வாட்டுக்கு 18 அம்பியர் போதும். பாட்டு எந்நேரமும் உச்சத்தில் ஓடுவதில்லை, சராசரி இழுவை இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். ஆனாலும் ட்ரம் அடி விழும் அந்தக் கணத்தில் 24 அம்பியரும் வேண்டும்.

இரண்டு 60 வாட் ஹெட்லைட் சேர்ந்து இழுப்பது கிட்டத்தட்ட 9 அம்பியர். 60, 70 அம்பியர் தரும் ஒல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்ற மின்சாரம் தரும் பாகம்) உள்ள காருக்கோ வேனுக்கோ இதெல்லாம் பெரிய சுமை இல்லை. ஓட்டோவின் சார்ஜிங் அப்படி இல்லை. லைட், ஹோர்ன், இக்னிஷன், பெட்டரி ஆகியவற்றுக்கு அளந்து வைத்தது அது. அதன் மேல் 24 அம்பியர் கேட்டால், மிச்சமெல்லாம் பெட்டரியிலிருந்து உருவப்படும்.

இங்கே மலையைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் வண்டி திணறுவதால் செட்டுக்கு மின்சாரம் குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தாழ்ந்த கியரில் ஏறும்போது இன்ஜின் வேகமாகச் சுழல்கிறது, சார்ஜிங் நன்றாகவே நடக்கும். சிக்கல் வேறு இடத்தில். ஏ7 வீதியில் தலவாக்கலை தாண்டி நானுஓயாப் பக்கம் பின்னேரத்தில் மூடுபனி இறங்கினால் என்ன செய்வோம்? ஹெட்லைட், வைப்பர், பனி விளக்கு எல்லாம் ஓன். வண்டி ஊர்ந்து போகும், இன்ஜின் ஐட்லிங்கை ஒட்டிச் சுழலும். ஒல்டர்னேட்டர் குறைவாகத் தரும் நேரமும் வண்டி அதிகமாகக் கேட்கும் நேரமும் ஒன்றாகி விடுகின்றன. அந்த நேரத்தில் பேஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஹெட்லைட் மங்கிப் பிரகாசித்தால், உங்கள் அம்ப் வண்டிக்கு மேற்பட்டது என்று அர்த்தம். பாதையே தெரியாத பனியில் அந்த மங்கல் விளையாட்டுக் காரியமும் இல்லை.

இன்னொன்று, இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டாண்டில் பாட்டுப் போடுவது. பெட்டரியில் 32 அம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் அதில் பாதியைத்தான் தாராளமாகச் செலவழிக்கலாம். செட்டும் அம்ப்பும் சராசரியாக 8 அம்பியர் இழுத்தால் 2 மணித்தியாலத்தில் அந்தப் பாதி போய்விடும். பாட்டை நிறுத்தி, வண்டியைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டு, மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6க்கு மேல் என்றால் பெட்டரி நிறைவு, 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஈயப் பெட்டரியின் ஆயுள் சுருங்கும். குளிரில் பெட்டரி முழு வலுவைக் கொடுக்காது என்பதும் உண்டு. தை மாதத்தில் நுவரெலியாவில் புல்லில் பனி உறையும் விடியல்களில், முதல் நாள் இரவு பாட்டுக் கேட்ட ஓட்டோ ஸ்டார்ட் ஆக மறுப்பது இதனால்தான்.

நம் வீதிகளில் ஓடும் வண்டிகளில் பழையவை அதிகம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. ஆகவே செட் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பெட்டரியின் இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அம்ப் வாங்க வைத்த காசை முதலில் சார்ஜிங்குக்குச் செலவழியுங்கள்.

என் கணக்கில், ஓட்டோவுக்கு மொத்தம் 100 உண்மை வாட், அதுவும் டி வகுப்பில். சார்ஜிங் சரியாக உள்ள கார், வேனுக்கு 300 முதல் 400 வரை பயமில்லாமல் போகலாம். அதற்கு மேல் போக நினைப்பவர் அம்ப் கடைக்கு முன் ஒல்டர்னேட்டர் கடைக்குப் போக வேண்டும்.

பெட்டியில் எழுதிய வாட், பியூஸ் சொல்லும் வாட்

உண்மை வாட் என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வேறொன்று. பார்க்க வேண்டிய எழுத்து ஆர்எம்எஸ். தொடர்ந்து தரக்கூடிய, அல்லது தாங்கக்கூடிய வாட் அது. மெக்ஸ், பீக், பிஎம்பிஓ என்று வருபவற்றைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

சாதாரண செட் ஒன்றை எடுங்கள். முகப்பில் ‘50 வாட் x 4’ என்று இருக்கும். இந்த 50 எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். வாட் வேண்டுமானால் வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுக்க வேண்டும். 14.4ஐ 14.4ஆல் பெருக்கினால் 207. 4 ஓமால் வகுத்தால் 52. ஆக, சிக்னல் முழுவதும் உச்சத்திலேயே சதுரமாக நின்றால் வரும் எண் அது. அப்படி நிற்கும் சிக்னல் பாட்டு இல்லை, இரைச்சல். ஒழுங்கான அலைக்கு உச்ச வோல்ட்டில் 0.707 பங்கைத்தான் எடுக்க வேண்டும், அது 10.2 வோல்ட். கணக்குப் போட்டால் 26 வாட். செட்டுக்குள் இருக்கும் ஐசி (சின்ன அம்ப் சில்லு) தின்பது போக, கைக்கு வருவது 18 முதல் 22 வாட் வரை.

நம்பிக்கை இல்லையென்றால் செட்டைக் கழற்றிப் பின்பக்கம் இருக்கும் பியூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 10 அல்லது 15 அம்பியர். 10ஐ 14.4ஆல் பெருக்கினால் 144 வாட். உள்ளே போவதே 144 என்றால் வெளியே 200 எப்படி வரும்?

இதே வித்தையை அம்ப் வாங்கும் கடையிலும் செய்யலாம். ‘2000 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட அம்ப்பின் பக்கவாட்டில் 25 அம்பியர் பியூஸ் ஒன்றே ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25ஐ 13.8ஆல் பெருக்கினால் 345. ஏபி வகுப்பு என்றால் அதில் 60 சதவீதம், சுமார் 200 வாட். டி வகுப்பு என்றால் 275. நூற்றுக்கு நூறு துல்லியம் இல்லை, ஆனால் 2000 இல்லை என்பது மட்டும் நிச்சயம். அமெரிக்கத் தொழில்துறை 2003ல் கொண்டுவந்த சிஇஏ-2006 என்ற அளவு முறையின்படி எழுதிய வாட் இருந்தால் அதை நம்பலாம். 14.4 வோல்ட்டில், 4 ஓமில், ஒரு சதவீதத்துக்கு மேல் சிதைவு இல்லாமல் அளந்த எண் அது.

இன்னொரு பக்கத்துச் செய்தி. ஜப்பானிலிருந்து வந்த பழைய வேன்களின் சொந்த ரேடியோ பலவற்றில் எப்எம் 90 மெகாஹேர்ட்ஸோடு முடிந்துவிடும், அந்த நாட்டின் அலைவரிசை அப்படி. நம் ஸ்டேஷன்களில் பல அதற்கு மேலே. எப்படியும் செட்டை மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், பின்னால் ஆர்சிஏ சொக்கெட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அம்ப்புக்குச் சுத்தமான சிக்னல் அந்த வழியாகத்தான் போகும்.

ஓம்: இதில்தான் அம்ப் எரியும்

ஸ்பீக்கரின் பின்னால் காந்தத்தில் 4 ஓம், 8 ஓம் என்று எழுதியிருக்கும். மின்சாரத்துக்கு அது எவ்வளவு தடை கொடுக்கிறது என்ற அளவு அது. தோட்டத்துப் பீலியை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் ஒடுங்கிய பீலியில் தண்ணீர் கொஞ்சமாக வரும், அகலமான பீலியில் கொட்டும், ஆனால் மேலே தொட்டியில் அந்த அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். ஓம் குறையக் குறைய வாய் அகலமாகிறது. அம்ப் அதிகம் கொடுக்கும், அதிகம் சூடாகும், ஒரு கட்டத்தில் தன்னால் முடியாததைக் கொடுக்கப் பார்த்து ப்ரொடெக்ட் லைட்டைப் போட்டு நின்றுவிடும். அந்தப் பாதுகாப்பு இல்லாத மலிவு அம்ப் என்றால் புகைதான்.

வண்டி ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம், வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 8. பழுதான வீட்டுச் செட்டிலிருந்து கழற்றிய 8 ஓம் ஸ்பீக்கரை வேனில் போட்டால் எதுவும் எரியாது, ஆனால் அம்ப் தரும் வாட் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். எழுத்து அழிந்த ஸ்பீக்கர் கையில் இருந்தால் மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளக்கலாம். 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.6 வரை காட்டும், 8 ஓம் ஸ்பீக்கர் 6 சொச்சம். சரியாக 4 காட்டவில்லையே என்று குழம்ப வேண்டாம், மீட்டர் பார்ப்பது கம்பிச் சுருளின் தடையை மட்டும்.

அம்ப்பின் ஒரே சனலில், அதாவது ஸ்பீக்கர் மாட்டும் ஒரே வெளிவழியில், இரண்டு ஸ்பீக்கரை மாட்டும்போதுதான் வினை. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று சமாந்தரமாக இணைத்தால் இரண்டு 4 ஓம் சேர்ந்து 2 ஓமாகும். நான்கை அப்படி இணைத்தால் 1 ஓம். ஒன்றின் மைனஸை அடுத்ததன் பிளஸ்ஸில் தொடராக இணைத்தால் 4ம் 4ம் சேர்ந்து 8. பஸ்ஸில் வரிசையாக எட்டு ஸ்பீக்கர் போடுபவர்கள் எல்லாவற்றையும் சமாந்தரமாக இழுத்துவிட்டு, அம்ப் ஏன் மாதம் ஒருமுறை போகிறது என்று கேட்பார்கள். நான்கு ஸ்பீக்கரை ஒரு சனலில் போடுவதென்றால், இரண்டு இரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த இரண்டு ஜோடியையும் சமாந்தரமாகச் சேர்க்க வேண்டும். மொத்தம் மறுபடி 4 ஓமே வரும். அம்ப் நிம்மதியாக ஓடும்.

பஸ் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய பஸ்கள் 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பெட்டரியைத் தொடராக வைத்தது. 12 வோல்ட் செட்டுக்காக ஒரு பெட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுப்பது இன்னும் நடக்கிறது. அந்தப் பெட்டரி எப்போதும் குறைச் சார்ஜில் கிடக்கும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜாகிக் கொதிக்கும், கடைசியில் இரண்டும் போகும். அம்ப்பின் அம்பியருக்கு ஏற்ற கன்வேட்டரைப் போடுங்கள், இல்லை 24 வோல்ட் செட்டே வாங்குங்கள்.

பிரிட்ஜ் செய்வது என்றால் அம்ப்பின் இரண்டு சனலை ஒன்றாக்கி ஒரே ஸ்பீக்கரை ஓட்டுவது. ஆழமான பேஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கரான சப் வூஃபருக்கு வழக்கமாகச் செய்வார்கள். அப்படிச் செய்யும்போது ஒவ்வொரு சனலும் ஸ்பீக்கரின் ஓமில் பாதியைத்தான் உணரும். 4 ஓம் சப்பை மாட்டினால் சனலுக்கு 2 ஓம். பெரும்பாலான அம்ப்புகளுக்கு அதுதான் எல்லை. ஆகவே ‘2 ஓம் தாங்கும்’ என்று எழுதிய அம்ப்பைப் பிரிட்ஜ் செய்து 2 ஓம் சப்பை மாட்டாதீர்கள், சனலுக்கு 1 ஓம் ஆகிவிடும்.

இரட்டைச் சுருள் சப்பில் ஏமாறுவது சுலபம். ‘4 ஓம் டிவிசி’ என்றால் 4 ஓம் சுருள் இரண்டு. அதைத் தொடரில் இணைத்தால் 8, சமாந்தரமாக இணைத்தால் 2. எப்படி இணைத்தாலும் 4 வராது! 4 வேண்டுமென்றால் ‘2 ஓம் டிவிசி’ வாங்கித் தொடரில் இணைக்க வேண்டும். கடையில் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

வாட்டுக்கு வாட் பொருத்துவது

ஓம் சரியாகிவிட்டால் மிச்சம் லேசு. ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் 50 வாட் என்றால், அதே ஓமில் அம்ப்பின் ஒரு சனல் 40 முதல் 75 வரை தந்தால் நல்ல ஜோடி. சரியாக 50 தேடி அலைய வேண்டியதில்லை.

அம்ப் சிறியதாக இருந்தால் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். மெதுவாகக் கேட்பவருக்கு அது உண்மை. ஆனால் 20 வாட் செட்டை வைத்துக்கொண்டு 50 வாட் சத்தம் வேண்டும் என்று வொல்யூமைக் கடைசி வரை திருகுபவருக்கு இல்லை. அம்ப்பால் தர முடியாத உயரத்துக்கு அலை போக முயலும்போது அதன் தலை தட்டையாக வெட்டுப்படும். இதைத்தான் க்ளிப்பிங் என்பார்கள். வெட்டுப்பட்ட அலை, ஒழுங்கான அலையைவிட அதிக மின்சாரத்தை நேரம் விடாமல் சுருளுக்குள் தள்ளும். அதோடு பாட்டில் இல்லாத கீச்சு ஓசைகளையும் உண்டாக்கி அனுப்பும். அவை நேரே போவது கீச்சு ஓசைக்கென்றே உள்ள மெல்லிய சின்ன ஸ்பீக்கரான ட்விட்டருக்கு. ட்விட்டர் மட்டும் செத்து, பெரிய கோன் உயிரோடு இருக்கும் செட்டைப் பார்த்தால் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

கொஞ்சம் பெரிய அம்ப்பை நிதானமாக ஓட்டுவது, சின்ன அம்ப்பைக் கதறவிடுவதைவிட நல்லது. ஆனால் 50 வாட் ஸ்பீக்கருக்கு 300 வாட் சனல் என்று போனால், நிதானத்தை எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டும். வண்டியை மற்றவரும் ஓட்டுவார்களே.

வாட்டைவிட முக்கியம் என்று நான் நினைக்கும் எண் ஒன்று உண்டு, கடையில் யாரும் அதைப் பார்ப்பதே இல்லை. சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபெல் கேட்கிறது என்பது. ஸ்பீக்கர் பெட்டியில் 88, 91, 93 என்று எழுதியிருக்கும். 3 டெசிபெல் கூடுவதற்கு அம்ப்பின் வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும். அதாவது 88 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்து வரும் சத்தத்தை, 91 டெசிபெல் ஸ்பீக்கர் 50 வாட்டிலேயே தந்துவிடும். காதுக்கு இரு மடங்கு சத்தம் என்று தோன்ற சுமார் 10 டெசிபெல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். 100 வாட்டிலிருந்து 200க்குப் போனவர் ‘காசு கொடுத்த அளவுக்கு வித்தியாசம் இல்லையே’ என்று புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

திருவிழாவுக்கோ தேர்தலுக்கோ அறிவித்துப் போகும் வேனைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே சின்ன அம்ப் ஒன்று, கூரையில் ஹோர்ன் ஸ்பீக்கர். குரல் மூன்று டிவிஷன் தாண்டி எதிர் மலையில் இருக்கும் லயம் வரை போகிறது. ஹோர்ன் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 100 டெசிபெல்லைத் தாண்டும், அதனால்தான். பாட்டுக் கேட்க அது உதவாது, பேஸ் என்பதே வராது. ஆனால் சத்தம் வாட்டில் மட்டும் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பெட்டரி சிறிதான ஓட்டோவுக்கு 90க்கு மேல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கர்தான் உண்மையான லாபம்.

கெயின் என்ற திருகு

அம்ப்பில் கெயின் என்று ஒரு திருகு இருக்கும். அதை வொல்யூம் என்று நினைத்து முழுவதும் திருகிவிடுபவர்கள்தான் அதிகம். செட்டிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு அம்ப்பைப் பழக்கும் திருகு அது. முழுவதும் திருகினால் வாட் கூடாது, செட்டில் வொல்யூம் 10 தாண்டும்போதே க்ளிப்பிங் தொடங்கிவிடும், அவ்வளவுதான்.

மல்டிமீட்டர் இருந்தால் சுத்தமாக வைக்கலாம். வேண்டிய வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 50 வாட், 4 ஓம் என்றால் 200, அதன் வர்க்கமூலம் 14.1 வோல்ட். 100 வாட், 4 ஓம் என்றால் 20 வோல்ட். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிடுங்கள். இன்ஜினை ஓடவிடுங்கள். செட்டில் பேஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, அம்ப்பில் பேஸ் பூஸ்ட், கிராஸ்ஓவர் (ஓசையைப் பிரித்து அனுப்பும் வடிகட்டி) இரண்டையும் அணைத்துவிட்டு, 50 ஹேர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒன்றைப் போட்டு வொல்யூமை முக்கால் அளவுக்கு ஏற்றுங்கள். மலிவு மீட்டர்கள் 50 ஹேர்ட்ஸில்தான் ஒழுங்காகக் காட்டும், கரண்டின் அலைவெண் அதுவே. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் பிடித்து, கணக்குப் போட்ட வோல்ட் வரும் வரை கெயினை மெதுவாகத் திருப்பி அங்கேயே விடுங்கள்.

அப்புறம் கிராஸ்ஓவர். கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே போகாமல் தடுத்து, சப்புக்கு 80க்கு மேலே போகாமல் தடுத்தால் போதும். ஆறு அங்குலக் கோனை ஆழமான பேஸிலிருந்து விடுவித்தால் பாட்டின் குரல் தெளிவதை உடனே கேட்கலாம். பேஸ் பூஸ்ட் பொத்தானை மறந்துவிடுங்கள். 6 டெசிபெல் பூஸ்ட் என்றால் அந்த ஓசைக்கு நான்கு மடங்கு வாட் கேட்கிறது என்று பொருள்.

வயரும் ஈரமும்

பெட்டரியிலிருந்து பின்பக்கம் வரை 5 மீட்டர் வயர் ஓடும் வேனில் 30 அம்பியர் போகிறது என்று வையுங்கள். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைப் போட்டால் வழியிலேயே 1 வோல்ட் தொலையும், வயரும் சூடேறும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் கால் வோல்ட்தான் குறையும். கேஜ் கணக்கில் விற்றால் எண் சிறிதாகும்போது வயர் தடிப்பாகும். 8 கேஜ் என்பது சுமார் 8.4 சதுர மில்லிமீட்டர், 4 கேஜ் 21. மலிவு கிட்களில் வருவது செம்பு பூசிய அலுமினியம். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதையே போடுவதென்றால் ஒரு அளவு தடிப்பானதாகப் போடுங்கள்.

பியூஸ் பெட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். அம்ப்பில் ஏற்கனவே பியூஸ் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது அம்ப்பைக் காக்கும். நடுவில் எங்காவது வயர் உரசி வண்டியின் இரும்பு உடம்பில் பட்டால் வண்டியைக் காப்பது பெட்டரிப் பக்கத்துப் பியூஸ்தான். நம் வீதிகளின் குலுக்கலில் வயர் உரசாமல் இருந்தால்தான் அதிசயம். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் முறுக்குங்கள். இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து கூடிக் குறையும் ‘ங்ஙீ’ என்ற ஓசை ஸ்பீக்கரில் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த எர்த்.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஐதானது, அம்ப்பின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும் திறனும் கொஞ்சம் குறைவு. ஆனால் குளிர் அதை ஈடுகட்டிவிடும், அதனால் சூட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது ஈரம். ஓட்டோவுக்குள் மழைச்சாரல் பக்கவாட்டில் அடிக்கும், மூடுபனி படங்கைத் தாண்டி உள்ளே வரும். கடதாசிக் கோன் ஊறித் தளரும், முனைகள் பச்சை பூக்கும். பொலிப்ரொப்பிலீன் கோன் உள்ள ஸ்பீக்கரை வாங்குங்கள். அம்ப்பைத் தரையில் வைக்காமல் சீட்டுக்கு அடியில் கொஞ்சம் உயர்த்தி, சுற்றிக் காற்றுப் போக இடம் விட்டு மாட்டுங்கள்.

இதையெல்லாம் சேர்த்து இரண்டு வண்டிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேன் என்றால் 4 சனல் டி வகுப்பு அம்ப் ஒன்று, 4 ஓமில் சனலுக்கு 60 வாட் ஆர்எம்எஸ். முன் இரண்டு சனலில் 50, 60 வாட் கதவு ஸ்பீக்கர். பின் இரண்டையும் பிரிட்ஜ் செய்தால் 4 ஓமில் சுமார் 180 வாட் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், 200 வாட் ஆர்எம்எஸ் உள்ள 4 ஓம் சப் ஒன்று. மொத்தம் 300 வாட், உச்சத்தில் 27 அம்பியர். 8 கேஜ் நல்ல செம்பு வயர், 40 அம்பியர் பியூஸ்.

ஓட்டோ என்றால் 2 சனல் டி வகுப்பு, சனலுக்கு 50 வாட். 90 டெசிபெல்லுக்கு மேல் உள்ள ஆறு அங்குல 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு, சனலுக்கு ஒன்று. சப் வேண்டாம். உச்சத்தில் 9 அம்பியர்தான் இழுக்கும், 4 சதுர மில்லிமீட்டர் வயர் தாராளம், பெட்டரிப் பக்கத்தில் 15 அம்பியர் பியூஸ். கெயினை 14.1 வோல்ட்டில் வையுங்கள். இரண்டு ஸ்பீக்கரின் பிளஸ்ஸும் மைனஸும் ஒரே மாதிரி மாட்டியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள். ஒன்று மாறியிருந்தால் ஒரு கோன் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும், இருக்கிற பேஸும் காணாமல் போகும்.